சைக்கிள் செயின் ஏன் கழலுது?



நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் சைக்கிளுக்கும் பெரிய சொந்தம் உண்டு. 1991-ல் அறிவொளி இயக்கம் இங்கே நடந்தபோது எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தாங்க. அப்போது மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். வயலிலும் கல்குவாரியிலும் வேலை செய்த ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவங்க பார் வைத்த சைக்கிளையே வாங்கி ஓட்டினாங்க. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

சரி, ஓட்டத் தெரியும். செயின் கழண்டா? யாராவது அண்ணன் வருவாரான்னு ரோட்டில் நிற்கிறோம். காலையில் என்றால் பிரேயர் போச்சு. சாயங்காலம் என்றால் இருட்டிடும், பயம் வேற. இந்த வேலையையும் நாமே கத்துக்கணும்.

கழலக் காரணம் என்ன?

முக்கியக் காரணம் செயின் தொய்வு. தொங்குற செயின் பள்ளத்தில் இறங்கும்போது துள்ளி, பல்லை விட்டு விலகிடும். பின்சக்கரம் கோணலாக இருந்தாலும், பல் தேய்ந்திருந்தாலும் கழலும்.

"செயின் நீண்டு போச்சு" என்று சொல்வோம். உண்மையில் இரும்பு நீளுவதில்லை. கண்ணிகளை இணைக்கும் ஆணிகள் தேயுது. ஒவ்வொரு ஆணியிலும் கொஞ்சம் இடைவெளி விழுந்து, எல்லாம் சேர்ந்து நீளமாகிடும். நம்ம ஊர் செம்மண் புழுதி எண்ணெயோடு சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

ஸ்கேல் வைத்துப் பாருங்கள்

ஒரு கண்ணி சரியாக அரை அங்குலம். அப்படின்னா 24 கண்ணிக்கு 12 அங்குலம். அடி ஸ்கேலை ஓர் ஆணியின் நடுவில் வைத்து 24 கண்ணி எண்ணுங்க. 12 அங்குலத்தைத் தாண்டி அரைக்கால் (1/8) அங்குலம் போயிருந்தால் செயினை மாற்றணும். இழுத்துக் கட்டி பிரயோஜனமில்லை.

தொய்வை எடுப்பது எப்படி?

1. ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரத்தின் இரண்டு பக்க நட்டையும் ஸ்பேனரால் தளர்த்துங்க.
2. சக்கரத்தைப் பின்னால் இழுங்க. இரண்டு பக்கமும் சமமாக நகரணும்.
3. செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் அரை அங்குலம் ஆடினால் போதும். ரொம்ப இறுக்கினால் மிதிக்கக் கனமாக இருக்கும்.
4. சக்கரம் நடுவில் நேராக நிற்குதா என்று பார்த்து நட்டை நன்றாக முடுக்குங்க.
5. பிரேக் பிடிக்குதான்னு பார்த்த பிறகே ஏறுங்க.

வழியில் கழண்டால்

ஸ்டாண்டு போடுங்க. தாவணி, துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கோங்க. முதலில் பின்பல்லில் செயினை மாட்டுங்க. பிறகு முன்பல்லின் மேல்பக்கம் நாலைந்து கண்ணியை மாட்டி, பெடலைக் கையால் மெதுவாக முன்பக்கம் சுற்றுங்க. தானே ஏறிக்கும். சுற்றும்போது விரலைப் பல்லிடம் கொண்டுபோகவே கூடாது. ஒரு குச்சி வைத்துக்கோங்க.

கியர் சைக்கிள் வைத்திருப்போர் கவனத்துக்கு: முன்கியரை மாற்றும்போது அழுத்தி மிதிக்காதீங்க. லேசாகச் சுற்றிக்கொண்டே மாற்றணும், அதுவும் மேடு வரும் முன்னாடியே. அப்படியும் உள்பக்கம் விழுந்தால், செயினைத் தள்ளும் கருவியில் உள்ள எல்லை திருகை மெக்கானிக்கிடம் சரிபார்க்கச் சொல்லுங்க.

வாரம் ஒருமுறை பழைய துணியால் துடைத்து, சில சொட்டு சைக்கிள் எண்ணெய் விடுங்க. மேலே வழிவதைத் துடைச்சிடுங்க.

பதினொன்றாம் வகுப்பில் அரசு நமக்கு விலையில்லா சைக்கிள் தரப்போகுது. அது வருவதற்குள் நம் வகுப்பில் எல்லோருக்கும் செயின் மாட்டத் தெரிந்திருக்கணும். என்ன, சரிதானே?



– ஒன்பதாம் வகுப்பு மாணவி