பிடித்ததை அளக்கும் அளவுகோல்

ஊருக்குப் புதியவர் ஒருவர் உங்களிடம் வழி கேட்கிறார். வாயால் சொல்வீர்களா, தாளில் படம் வரைந்து கொடுப்பீர்களா, தெருப் பெயர்களை வரிசையாக எழுதிக் கொடுப்பீர்களா, கூடவே நடந்து போய்க் காட்டுவீர்களா? இப்படிப்பட்ட 16 கேள்விகள் கொண்டது ‘வார்க்’ வினாத்தாள். பதில்களைக் கூட்டிப் பார்த்து, நீங்கள் கண்வழிக் கற்பவரா, காதுவழிக் கற்பவரா, எழுத்துவழிக் கற்பவரா, செய்து கற்பவரா என்று சொல்லிவிடும்.

இதை உருவாக்கியவர் நியூசிலாந்தின் நீல் பிளெமிங். பள்ளி ஆய்வாளராக வகுப்பு வகுப்பாகப் போய் உட்கார்ந்தவர். அருமையாகப் பாடம் நடத்தும் ஆசிரியரிடமும் சில பிள்ளைகள் கற்கவில்லை. சுமாரான ஆசிரியரிடமும் சிலர் நன்றாகக் கற்றார்கள். இது அவரைக் குடைந்தது. கொலீன் மில்ஸுடன் சேர்ந்து 1992-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே, இது இன்னுமொரு அளவீட்டுப் பட்டியல் அல்ல, சிந்திக்கத் தூண்டும் கருவி என்று சொல்லியிருந்தார். தலைப்பை யார் கவனித்தார்கள்? வினாத்தாள்தான் உலகம் சுற்றியது.

இந்த ஒன்று மட்டுமா? பிரிட்டனில் காஃபீல்ட் என்ற ஆய்வாளரின் குழு தேடிப் பார்த்து 2004-இல் வெளியிட்ட அறிக்கையில், கற்கும் பாணியை வகைப்படுத்தும் 71 மாதிரிகள் அகப்பட்டன. ஒரே மாணவரை 71 விதமாக வெட்டலாம் என்றால், வெட்டுகிற கத்தியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆனால் 2012-இல் வெளியான ஒரு கட்டுரைக்காக மூளை ஆய்வில் ஆர்வம் கொண்ட ஆசிரியர்களைக் கேட்டபோது, பிரிட்டனில் 93 சதவீதம் பேரும் நெதர்லாந்தில் 96 சதவீதம் பேரும் மாணவரின் பாணிக்கேற்பப் பாடம் நடத்தினால் அவர் நன்றாகக் கற்பார் என்று நம்பினார்கள்.

உளவியலில் எந்த அளவுகோலையும் இரண்டு கேள்வி கேட்பார்கள். அடுத்த வாரம் அளந்தாலும் இதே விடை வருமா? எதை அளப்பதாகச் சொல்கிறதோ அதைத்தான் அளக்கிறதா? வார்க் சறுக்குவது இரண்டாவதில். அந்த 16 கேள்விகளில் எதுவும் உங்களுக்கு எதையும் கற்றுக்கொடுத்துச் சோதிப்பதில்லை. உங்களுக்கு எது பிடிக்கும் என்று மட்டும் கேட்கிறது. ஆளைத் தராசில் ஏற்றாமல், ‘எத்தனை கிலோ இருப்பீர்கள்?’ என்று விசாரித்து எழுதிக்கொள்வது போலத்தான்.

அப்படியானால் எப்படிச் சோதிப்பது? ஹெரால்ட் பாஷ்லரும் மூன்று சக உளவியலாளர்களும் 2008-இல் இதற்கு ஒரு கறாரான நிபந்தனை வைத்தார்கள். மாணவர்களைக் கண்வழியார், காதுவழியார் என்று பிரியுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் பாதிப் பேருக்குப் படப் பாடம், மீதிப் பேருக்கு ஒலிப் பாடம். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கட்டும். முடிந்ததும் எல்லாருக்கும் ஒரே தேர்வு. கண்வழியார் படத்திலும் காதுவழியார் ஒலியிலும் அதிக மதிப்பெண் பெற்றால்தான் கோட்பாடு தேறும். இருவருக்குமே படம்தான் உதவியது என்றால், படப் பாடம் நல்ல பாடம் என்பதற்கு மேல் எதுவும் நிரூபணம் ஆகாது. இத்தனை ஆண்டு ஆய்வுக் குவியலில் இப்படி நடத்தப்பட்ட சோதனைகள் மிகச் சொற்பம். அவற்றிலும் சில கோட்பாட்டுக்கு எதிராகவே சாட்சி சொல்லின.

அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் படித்த 426 பேரை வைத்து நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. வார்க் முடிவைத் தெரிந்துகொண்ட பிறகும் மூன்றில் இரண்டு பங்கினர் அந்தப் பாணிப்படி படிக்கவில்லை. அப்படிப் படித்தவர்களும் கூடுதல் மதிப்பெண் வாங்கவில்லை. வகுப்புக் குறிப்பைப் படித்தவர்களும் கணினித் திரையில் திசுக்களின் நுண்ணோக்கிப் படங்களைப் பார்த்துப் பழகியவர்களும்தான், எந்தப் பாணிக்காரர்களானாலும், முன்னே நின்றார்கள். அதில் வியப்பில்லை. திசுவைப் பார்க்காமல் திசுவியல் ஏது? எந்தப் புலனுக்கு வேலை என்பதைப் பெரும்பாலும் பாடமே முடிவு செய்துவிடுகிறது.

பிள்ளைகள் எல்லாரும் ஒன்று என்று இதற்குப் பொருள் இல்லை. ஏற்கெனவே தெரிந்தது எவ்வளவு, ஒரே நேரத்தில் மனத்தில் எத்தனை விஷயங்களை வைத்துக்கொள்ள முடிகிறது, காது சரியாகக் கேட்கிறதா என்பதில் எல்லாம் வேறுபாடு உண்டு. அவற்றைச் சோதித்தே அளக்க முடியும். கற்பவரிடமே கேட்டு எழுதுவதில்தான் சிக்கல்.

அது எவ்வளவு பெரிய சிக்கல் என்பதை உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஒரு சோதனை காட்டுகிறது. கடல் நீர்நாயைப் பற்றி ஒன்று, சூரியனைப் பற்றி ஒன்று எனச் சிறு பத்திகளைக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்தார்கள். ஒரு குழு பத்தியை நான்கு சுற்று படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, தாளை மூடி மூன்று முறை நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு சுற்று படித்தவர்கள் 83 சதவீதம் சொன்னார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் போனதும் கணக்கு தலைகீழ்: படித்தவர்களிடம் 40, எழுதிப் பார்த்தவர்களிடம் 61. முதல் நாளே, ஒரு வாரத்துக்குப் பின் எவ்வளவு நினைவிருக்கும் என்றும் கேட்டிருந்தார்கள். அதிகம் நினைவிருக்கும் என்று சொன்னது, நான்கு சுற்று படித்த குழு.