கழற்றும்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கார்லைல் என்று ஓர் ஊர். வசந்த காலத்தில் ஒரு முறையும் இலையுதிர் காலத்தில் ஒரு முறையும் அங்கே பழைய கார் உதிரிபாகங்களுக்கென்றே பெரிய சந்தை கூடுகிறது. இந்த மாதிரிச் சந்தைகளில் பழைய டயரைப் புல்தரையில் படுக்கப்போட்டு, எண்ணெய்ப் பிசுக்கேறிய வி-8 இன்ஜினை அதன்மேல் உட்கார்த்தி வைத்திருப்பார்கள். பக்கத்தில் மடக்கு நாற்காலியில் சாய்ந்திருக்கும் ஆளிடம் விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “வண்டியிலிருந்து கழற்றும்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது.”

பொய் என்று சொல்லிவிட முடியாது. எந்த வருஷம் கழற்றினார், எப்படி ஓடியது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

‘மசில் கார்’ என்பது நடுத்தர அளவு உடம்புக்குள் பெரிய இன்ஜினைத் திணித்த வண்டி. 1964-இல் வந்த பான்டியாக் ஜிடிஓ-விலிருந்து இந்தக் கதையைத் தொடங்குவது வழக்கம். 1970களின் தொடக்கத்தில் காப்பீட்டுக் கட்டணமும் புகைக் கட்டுப்பாடும் சேர்ந்து இந்த வண்டிகளின் கொட்டத்தை அடக்கிவிட்டன. மிஞ்சிய இன்ஜின்களுக்கு இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. அவற்றில் எங்கு போனாலும் கண்ணில் படுவது ஷெவர்லேயின் ‘ஸ்மால் பிளாக்’ 350. சிலிண்டர் விட்டம் 4 அங்குலம், பிஸ்டனின் ஓட்டம் 3.48 அங்குலம், எட்டு சிலிண்டர், மொத்தம் 5.7 லிட்டர். சிலிண்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய 717 சிசி. நம் பழைய மாருதி 800-இன் முழு இன்ஜினே 796 சிசிதான். ‘ஸ்மால்’ என்று பெயர் வைத்தவர்களின் கணக்கே வேறு.

இந்த இரும்புக் கட்டிக்கு இரண்டு விலை உண்டு: இரும்பின் விலை, எழுத்தின் விலை. வாங்கப் போகிறவர்கள் பலர் முதலாவதைத்தான் சோதிக்கிறார்கள். ஏமாறுவது இரண்டாவதில்.

சிலிண்டர்கள் அமைந்த இரும்பு உடலான பிளாக்கின் பின்பக்கம், கியர்பெட்டி வந்து பொருந்தும் விளிம்பில், வார்க்கும்போதே புடைத்து நிற்கிற மாதிரி ஓர் எண் இருக்கும். அதில் 3970010 என்பது ஷெவி பைத்தியங்களுக்கு மனப்பாடம். கடைசி மூன்று இலக்கத்தைச் சொன்னாலே போதும், புரிந்துகொள்வார்கள். 1969-இல் தொடங்கி 1970கள் முழுக்கக் குடும்பக் காரிலும் பிக்கப் வண்டியிலும் போய் உட்கார்ந்த பிளாக் இது. மலிந்த சரக்கு. ஆனால் அதே 1969-இல், இதே எண்ணுள்ள வார்ப்பில் கமாரோ இஸட்-28 என்ற வண்டிக்கான 302 இன்ஜினும் செய்தார்கள். அந்த 302 பிறந்ததே பந்தய விதியால்தான். டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் 5 லிட்டருக்கு மேல், அதாவது சுமார் 305 கன அங்குலத்துக்கு மேல், இடமில்லை. எனவே 327 இன்ஜினின் 4 அங்குல விட்டத்தையும் 283 இன்ஜினின் 3 அங்குல ஓட்டத்தையும் சேர்த்தார்கள். வந்தது 302. விதிக்குள் அடங்கியது.

ஆக இரும்பு ஒன்று, வார்ப்பு எண்ணும் ஒன்று. 350-ஐயும் 302-ஐயும் பிரித்துக் காட்டுவது வேறொரு இடம். வலப்பக்க ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கின் மேல்தளத்திலேயே, சின்னதாக ஒரு தட்டையான திட்டு இருக்கும். பிசுக்கைத் துணியால் துடைத்தால் ‘வி 0321 டிஇஸட்’ என்பது போன்ற ஓர் அச்சு தெரியும். ‘வி’ என்றால் ஃபிளின்ட் நகரத் தொழிற்சாலை. 0321 என்றால் மார்ச் 21. கடைசியில் உள்ள ‘டிஇஸட்’தான் 1969-இன் 302. அந்த இரண்டெழுத்துக்காக, உள்ளே பிஸ்டன்கூட இல்லாத வெறும் பிளாக்கின் விலை பல மடங்கு ஏறிவிடும்.

1968 மாடலிலிருந்து வண்டியின் வரிசை எண்ணில் ஒரு பகுதியையும் இன்ஜினில் அடித்தார்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த எண்ணுக்குரிய வண்டி இன்னும் எங்காவது உயிரோடு இருந்தால், அதன் சொந்தக்காரர் ஒருவருக்கு மட்டும் இந்த இன்ஜின் பொன். மற்ற எல்லோருக்கும் அது இன்னொருத்தர் வீட்டுப் பிள்ளை.

பணம் இருக்கிற இடத்தில் கள்ள அச்சும் இருக்கும். ‘ஹெமி’ என்ற இன்ஜின் பூட்டிய 1971 ‘கூடா கன்வெர்டிபிள்’ கார் ஒன்று 2014-இல் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. அந்த ரகத்தில் செய்யப்பட்டவையே 11 வண்டிகள்தான். பானெட்டுக்கு அடியில் இருப்பது எந்த இன்ஜின் என்பதைப் பொறுத்து விலை இந்த அளவுக்கு மாறும்போது, பழைய எழுத்தை ராவிவிட்டுப் புதிய எழுத்தை அடிக்கச் சிலருக்குக் கை துறுதுறுக்கத்தான் செய்யும்.

இங்கேதான் உலோகம் சாட்சி சொல்கிறது. தொழிற்சாலையில் பிளாக்கின் மேல்தளத்தைச் செதுக்கியது ‘புரோச்’ என்ற நீண்ட பல்வரிசைக் கருவி. ஒரே இழுப்பில் முன்னிருந்து பின்னாக மெல்லிய இணைகோடுகளை விட்டுச்செல்லும். பிற்காலத்தில் பட்டறையில் மேல்தளத்தைச் சீவியிருந்தால், சுழலும் வெட்டுக்கருவி வளைகோடுகளை விட்டிருக்கும். பழைய அச்சும் அத்தோடு போயிருக்கும். எழுத்து பளிச்சென்று இருந்து, அடியில் வளைகோடு ஓடினால் சந்தேகப்பட வேண்டும். வளைகோட்டை மறைக்க உப்புத்தாளால் நேர்கோடு இழுக்கிற கெட்டிக்காரர்களும் உண்டு. பூதக்கண்ணாடி இல்லாமல் இந்த வியாபாரத்தில் இறங்கக் கூடாது. அச்சடிக்கும்போது எழுத்துக்கு அடியில் உள்ள உலோகமும் நசுங்குகிறது என்பதால், ராவிய இடத்தில் அமிலம் தடவிப் பழைய எண்ணை மீட்கும் உத்தி தடயவியலில் இருக்கிறது. ஆனால் எஃகு வசப்படும் அளவுக்கு வார்ப்பிரும்பு அதற்கு வசப்படாது.

அதைவிட எளிய சோதனை தேதிதான். வார்த்த நாளும் பிளாக்கின் பின்பக்கம் புடைத்து நிற்கும். ஜனவரிக்கு ‘ஏ’, பிப்ரவரிக்கு ‘பி’ என்று போகும் கணக்கில், ‘சி 12 9’ என்றால் 1969 மார்ச் 12. வார்த்த பிறகுதான் இன்ஜின் பூட்டப்படும், பூட்டிய பிறகுதான் வண்டிக்குள் போகும். அச்சில் உள்ள தேதி வார்ப்புத் தேதிக்கு முந்தியிருந்தால், தாய்க்கு முன்னால் பிள்ளை பிறந்த கதை.

இனி இரும்பு. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்கின் முன்முனை போல்ட்டில் ஸ்பானரைப் போட்டுச் சுற்ற வேண்டும். இரண்டு முழுச் சுற்று தடங்கலில்லாமல் வந்தால் நல்லது. பாதியில் நின்றால் உள்ளே துரு.

ஹெட் கழற்றியிருந்தால் சிலிண்டரின் மேல்முனைக்குக் கீழே விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், ஒரு படி தட்டுப்படும். பிஸ்டன் உச்சியில் ஒரு கணம் நின்று திரும்புகிறது. அங்கேதான் வெடிப்பின் அழுத்தம் அதிகம், எண்ணெய்ப் படலம் குறைவு. அதனால் ரிங் உரசும் இடத்தின் மேற்பகுதி அதிகமாகத் தேய்கிறது. ரிங் எட்டாத விளிம்பு தேயாமல் படியாக நிற்கிறது. சிலிண்டர் மேலே அகன்று கீழே ஒடுங்கிப்போகும். இந்த வித்தியாசம் 0.005 அங்குலத்தைத் தாண்டினால் ‘போர்’ பண்ணித்தான், அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கித்தான், ஆக வேண்டும் என்பது பொதுவான கணக்கு. முதல் போரில் வழக்கமாக 0.030 அங்குலம் போகும், 350 அப்போது 355 ஆகும். 0.060 போனால் ஏறக்குறைய எல்லை. ஏற்கெனவே அந்த எல்லைக்கு வந்துவிட்ட பிளாக்கை ‘ரீபில்ட் பண்ணியது’ என்று பெருமையாகச் சொல்லி விற்பார்கள். அது ஆயுளில் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டது என்பதற்கு இன்னொரு பெயர்.

எவ்வளவு சுவர் மிச்சம் என்பதை மீயொலிக் கருவியால் அளக்கலாம். வார்க்கும்போது உள்ளிருந்த மணல் அச்சு கொஞ்சம் நகர்ந்திருந்தால், ஒரே சிலிண்டரின் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெலிவாகவும் இருக்கும். வெளியிலிருந்து எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது. டைமிங் மூடிக்கு அடியில் சில பிளாக்குகளில் 010, 020 என்று புடைத்திருப்பதைக் காட்டி ‘நிக்கல் கலந்த இரும்பு’ என்று கூடுதல் விலை கேட்பவர்கள் உண்டு. அந்த எண்ணுக்காக நான் ஒரு டாலர்கூடக் கூட்டித் தர மாட்டேன். நிக்கலை ஆய்வகம் சொல்லட்டும்.

எனக்குப் பிடித்த சோதனை காதால் செய்வது. ஒரு பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, கிராங்க் சுழலாமல் கம்பி கொடுத்துப் பிடித்துக்கொண்டு, பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் ஏற்றுவார்கள். எத்தனை சதவீதம் கசிகிறது என்று மானி சொல்லும். 10-க்குள் இருந்தால் சந்தோஷம். எங்கே கசிகிறது என்பதைக் காதுதான் சொல்லும். எக்ஸாஸ்ட் வாயில் ‘உஸ்’ என்றால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டரில் கேட்டால் இன்டேக் வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் மூச்சு வந்தால் ரிங். தண்ணீர் போகும் வழியில் வந்தால் கேஸ்கெட் அல்லது விரிசல்.

கிராங்க் தனியாகக் கிடைத்தால் சந்தையில் மண்பானை வாங்குகிற மாதிரி தட்டிப் பார்க்கலாம். அடித்து உருவாக்கிய எஃகுக் கிராங்க் மணிபோல் ஒலிக்கும்; வார்த்தது ‘தொப்’ என்று அடங்கும். 302-க்குள் இருந்தது முதல் ரகம்.

குதிரைத்திறன் எண்ணைப் பார்த்து விலை பேசுவது மட்டும் வீண். 1971 கார்வெட்டின் எல்டி-1 இன்ஜினுக்கு 330 என்று போட்டார்கள், 1972-இல் 255. இரும்பு இளைத்துவிடவில்லை. சைலன்சர், விசிறி, ஆல்டர்னேட்டர் எல்லாம் மாட்டிய நிலையில் அளக்கும் முறைக்கு அந்த ஆண்டு மாறினார்கள், அவ்வளவுதான்.

கடைசியாக விரிசல். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். பிளாக்கின் பக்கவாட்டில் வட்டத் தகட்டு அடைப்புகள் இருக்கின்றன. பனிக்காலத்தில் இவை தெறித்து விழுந்து பிளாக்கைக் காப்பாற்றும் என்று நம்புகிறவர்கள் நிறைய. உண்மையில் அவை வார்ப்பு மணலை வெளியே எடுக்க விட்ட துளைகளை அடைப்பவை. சில நேரம் தெறிக்கும், பல நேரம் சுவர்தான் பிளக்கும். அந்த மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்க இரும்பைக் காந்தமாக்கி மேலே இரும்புத் தூளைத் தூவுவார்கள். பிளவு உள்ள இடத்தில் காந்தப்புலம் வெளியே கசிய, தூள் அங்கே கோடாகக் கூடி நிற்கும்.

அதனால் மடக்கு நாற்காலிக்காரரிடம், ஓடியதா என்று கேட்பதைவிட, இத்தனை வருஷமும் எங்கே வைத்திருந்தீர்கள், குளிர் தொடங்கும் முன் தண்ணீரை வடித்தீர்களா என்று கேட்கலாம். பட்டென்று பதில் வந்தால் விலை பேசலாம். கொட்டகையையும் மச்சானையும் இழுத்து அவர் யோசிக்க ஆரம்பித்தால், காந்தமும் தூளும் வைத்திருக்கிற பட்டறை எங்கே என்று விசாரிக்க வேண்டியதுதான்.