கசாட்டா என்றால் கிண்ணம்!

சென்ற மாதம் நம் சங்க அன்பர் ஒருவர் இல்லத் திருமண வரவேற்பு. சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு துண்டு கசாட்டா ஐஸ்கிரீம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேத்தி, "தாத்தா, கசாட்டான்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டாள். "ஏதோ கம்பெனிக்காரன் வெச்ச பேரும்மா" என்றேன். "தெரியாதுன்னு சொல்லுங்க தாத்தா" என்றாள். முப்பது வருடத்துக்கு மேல் ரயில்வேயில் கணக்கும் வரைபடமுமாக இருந்தவனுக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்ததும் அகராதிகளைப் புரட்டினேன்.

கசாட்டா இத்தாலியச் சொல். ஊர், அந்நாட்டின் தெற்கே உள்ள சிசிலித் தீவு. அங்கே அது ஐஸ்கிரீம் அல்ல, கேக்! ரிகோட்டா என்னும் மிருதுவான பாலாடைக் கட்டியில் சர்க்கரை கலந்து கேக்கின் நடுவே நிரப்பி, பாதாம் விழுதால் போர்த்தி, பாகில் ஊறிய பழங்களால் அலங்கரிப்பார்கள். ஈஸ்டர் பண்டிகைப் பலகாரம்.

கி.பி. 831-இல் அரபியர் அத்தீவின் பலேர்மோ நகரைப் பிடித்தனர். 1072-இல் அது நார்மானியர் கைக்குப் போயிற்று. கரும்பை அத்தீவில் பயிராக்கியவர்கள் அரபியரே. அரபியில் 'கஸ்ஆ' என்றால் அகன்ற கிண்ணம். பலகாரத்தை அடுக்கும் பாத்திரத்தின் பெயரே பலகாரத்துக்கு ஆயிற்று என்பது பெரும்பாலோர் கருத்து. பாலாடைக் கட்டிக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. பின்னாளில், அடுக்கடுக்காக உறைய வைத்த ஐஸ்கிரீமுக்கும் அதே பெயர் வைத்தார்கள். நாம் சாப்பிடுவது அந்த வகை.

இந்தப் பக்கம் தெருவுக்குத் தெரு விற்கும் குல்ஃபியின் கதையும் இதுதான். பாரசீகத்தில் அந்தச் சொல்லுக்கு மூடி போட்ட கிண்ணம் என்று பொருள்.

இன்னொரு சங்கதி. சர்க்கரைக்கு இத்தாலியில் 'ட்ஸுக்கெரோ'. அது அரபி 'சுக்கர்' வழி வந்தது. அதற்கும் மூலம் வடமொழி 'சர்க்கரா'. நாம் வீட்டில் சொல்லும் சர்க்கரைக்கும் அதே வேர்.

பேத்தியிடம் சொன்னேன். "அப்போ நம்ம ஊர் சர்க்கரை, அரபிக் கிண்ணம், இத்தாலி கேக்கா?" என்று சிரித்தாள். உடனே, "சரி, இட்லின்னா என்ன அர்த்தம்?" என்றாள். அடுத்த ஞாயிறு வரை அவகாசம் வாங்கியிருக்கிறேன்.

வெளிமாநிலத்தில் வளரும் பிள்ளைகள் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டால், "ஏதோ பேர்" என்று தள்ளிவிடாதீர்கள். இரண்டு முறை தள்ளினால் மூன்றாம் முறை கேட்க மாட்டார்கள்; பிறகு தமிழ்ச் சொல்லுக்கும் கேட்க மாட்டார்கள்.