குருத்தெலும்பு என்னும் சொல்லும் கைமூட்டுக் காயங்களும்: வடசென்னையை முன்வைத்து ஒரு விளக்கம்

தென்னை, வாழை முதலியவற்றின் இளந்தளிரைக் குறிப்பது ‘குருத்து’. ஆகவே ‘குருத்தெலும்பு’ என்னும் சொல், பின்னர் எலும்பாக முதிரவிருக்கும் இளம் பொருள் என்ற கருத்தைத் தருகிறது. அக்கருத்து எங்குப் பொருந்தும், எங்குப் பிழைபடும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

கருவில் கைகால் எலும்புகள் முதலில் குருத்தெலும்பு வார்ப்பாகவே தோன்றுகின்றன. இரத்தக் குழாய்கள் ஊடுருவிய பின்னரே அவ்விடத்தில் எலும்பு அமைகிறது. முறிந்த எலும்பு கூடும்போதும் இடைநிலையில் குருத்தெலும்பு தோன்றிப் பின் எலும்புக்கு இடங்கொடுக்கிறது. இவ்விடங்களில் சொல் பொருத்தமானதே.

மூட்டு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு வேறானது. அது ஆயுள் முழுதும் எலும்பாவதில்லை. எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கால்சியம், பாஸ்பேட் சேர்ந்த கனிமம். எஞ்சியதில் பெரும்பகுதி கொலாஜன் இழை. கனிமம் அழுத்தத்தையும் இழை இழுவிசையையும் தாங்குகின்றன. மூட்டுக் குருத்தெலும்பிலோ 65 முதல் 80 விழுக்காடு நீர். சுமை ஏறுகையில் அந்நீர் கசிந்து வெளியேறுகிறது. சுமை இறங்குகையில் மீள உறிஞ்சப்படுகிறது. அதற்கு இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. உணவு மூட்டுத் திரவத்தின் வழியே வருகிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் வழங்கும் ‘கசியிழையம்’ என்ற சொல்லே இவ்விடத்தில் தகும் என்பது என் கருத்து.

இரத்தம் இன்மையின் விளைவு பெரிது. எலும்பு முறிந்தால் குருதி உறைந்து, செல்கள் திரண்டு, பழைய எலும்பே மீண்டும் உருவாகிறது. (மணிக்கட்டின் படகெலும்பு போன்றவற்றில் முறிவு குருதியோட்டத்தைத் துண்டித்தால் ஒரு துண்டு மடிவதும் உண்டு.) கிழிந்த மூட்டுக் குருத்தெலும்போ தானாக ஆறுவதில்லை. காயம் அடியிலுள்ள எலும்பை எட்டினால் குருதி வந்து நார்க்குருத்தெலும்பு வளரும். ஆனால் தேய்மானம் தாங்கும் வலிமை அதற்குக் குறைவு.

திருவொற்றியூர், எண்ணூர்ப் பட்டறைகளும் துறைமுகமும் சூழ்ந்த வடசென்னையில் இவ்வேறுபாடு உழைப்பாளர் வாழ்வைத் தொடுவது. இராயபுரத்தை ஒட்டிய ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி 1971-இல் கை அறுவைச் சிகிச்சைக்கெனத் தனிப்பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் இத்துறைக்கு அது முன்னோடி. ஒரு கையில் 27 எலும்புகள். அவற்றின் இணைப்புகள் பலவும் குருத்தெலும்பு போர்த்த மூட்டுகள். எந்திரத்தில் நசுங்கிய விரலில் எலும்புத் தண்டு முறிந்தால் சில வாரங்களில் கூடிவிடலாம். முறிவு மூட்டுப் பரப்பினுள் ஓடினால், பரப்பைப் படியின்றிச் சீராக்கி, விறைப்பதற்குள் விரலை அசைக்கவும் தொடங்க வேண்டும். எக்ஸ்ரே படத்தில் குருத்தெலும்பு தெரியாது. எனவே “எலும்பு கூடிவிட்டது” என்று கேட்டுப் பணிக்குத் திரும்பும் தொழிலாளி, மடங்காத விரலுக்குக் காரணம் அறியாமல் போகிறார். ‘குருத்து’ எனில் வளர்ந்துவிடும் என்றே அவர் எண்ணவும் கூடும்.