உழுவோர் கையில் நிலம்: கீழத் தஞ்சையின் அறவழிப் போராட்டம்

அகிம்சை என்பது அடக்கப்பட்டோரை மேலும் அடங்கியிருக்கச் சொல்லும் போதனை என்று குறை கூறுவோர் உண்டு. இக்கூற்றை உரசிப் பார்க்க ஏற்ற களம் கீழத் தஞ்சை. காந்தியவாதிகளான ஜெகந்நாதன் – கிருஷ்ணம்மாள் தம்பதியர் அம்மண்ணில் ஆற்றிய பணி, அகிம்சைக்கு வேறொரு பொருள் தருகிறது.

செல்வக் குடும்பத்தில் 1914ஆம் ஆண்டு பிறந்த சங்கரலிங்கம் ஜெகந்நாதன், காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கல்லூரிப் படிப்பைத் துறந்தவர். கிருஷ்ணம்மாள், நிலமற்ற தலித் குடும்பத்தில் 1926இல் பிறந்து பட்டம் பெற்றவர். நாடு விடுதலை பெற்ற பின்னரே திருமணம் என்று காத்திருந்து, 1950இல் இருவரும் மணந்துகொண்டனர். சாதி வேலியைத் தாண்டிய அத்திருமணமே அவர்களது பொதுவாழ்வின் முகவுரை எனலாம்.

வினோபா பாவே 1951இல் தொடங்கிய பூதான இயக்கத்தில் இருவரும் பங்கேற்றனர். நிலவுடைமையாளரின் மனமாற்றத்தையே அவ்வியக்கம் நம்பியிருந்தது. அந்நம்பிக்கை எதிர்கொண்ட கடும் சோதனை கீழவெண்மணி. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கூலி உயர்வு கேட்ட தகராறின் உச்சத்தில், பெண்களும் குழந்தைகளும் முதியோருமாக 44 தலித் மக்கள் ஒரு குடிசையில் வைத்து எரிக்கப்பட்டனர். தண்டிக்கப்பட்ட நிலக்கிழார்களைப் பின்னர் உயர்நீதிமன்றம் விடுவித்தது.

இக்கொடுமைக்குப் பின் தம்பதியர் கீழத் தஞ்சையையே தம் களமாகக் கொண்டனர். கூலிப் பூசலுக்கு அடியில் இருந்தது நிலமின்மை என்பதை அவர்கள் உணர்ந்தனர். குடியிருக்கும் மனையும் உண்ணும் சோறும் நிலக்கிழாரின் தயவில் இருக்கும்வரை, உழைப்பவர் 'மாட்டேன்' என்று சொல்ல இயலாது. நில உச்சவரம்புச் சட்டம் 1961இலேயே இயற்றப்பட்டிருந்தும், பினாமிப் பெயர்களும் அறக்கட்டளைகளும் அதற்குத் தப்பும் வழிகளாயின.

எனவே அவர்கள் 1981இல் 'லாஃப்டி' என்னும் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினர். நிலத்தை விற்க முன்வருவோரையும் நிலமற்றோரையும் ஒரே இடத்தில் அமரவைத்து நியாய விலை பேசுவது, வங்கிக் கடன் பெற்று வாங்குவது, விளைச்சலிலிருந்து கடனை அடைப்பது என்பன அதன் வழிமுறைகள். பேச்சு பயனளிக்காத இடங்களில் உண்ணாநோன்பும் மறியலும் நடந்தன. இங்ஙனம் ஏறத்தாழ 13,000 ஏக்கர் நிலம் அத்தனை குடும்பங்களுக்குக் கைமாறியது. பத்திரங்கள் பெண்களின் பெயரில் பதியப்பட்டன என்பது குறிப்பிடத்தக்கது. தானமாகப் பெறுபவர் நன்றிக்கடன் பட்டவராகிறார். விலை கொடுத்து வாங்குபவர் உரிமையாளராகிறார். பூதானத்திலிருந்து லாஃப்டி முன்னேறிய தொலைவு இதுவே.

1990களில் வேறோர் இடர் வந்தது. கடலோர வயல்களைப் பெருநிறுவனங்கள் வாங்கி இறால் பண்ணைகளாக்கின. உப்புநீர் ஊறிக் கிணறுகளும் அண்டை வயல்களும் கெட்டன. நடவும் களையெடுப்பும் அறுவடையும் தந்த வேலை மறைந்தது. மீனவர் கடலுக்குச் செல்லும் பாதைகள் அடைபட்டன. ஜெகந்நாதன் 1994இல் உச்சநீதிமன்றத்தை நாடினார். 1996 டிசம்பர் 11ஆம் நாள் நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது அடங்கிய அமர்வு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்திலுள்ள இறால் பண்ணைகளை அகற்றவும், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. பாரம்பரிய முறை வளர்ப்புக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

எனினும் அத்தீர்ப்பு முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. மறுஆய்வு மனுக்கள் தொடர்ந்தன. 2005இல் நாடாளுமன்றம் இயற்றிய கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், அம்மண்டலத்தின் தடையிலிருந்து இப்பண்ணைகளுக்கு விலக்களித்தது. வழக்கில் வென்றதைச் சட்டத்தில் இழந்த நிலை அது.

இவ்விரு போராட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடையது. தீமையை எதிர்ப்பதும் அதற்கு மாற்றை ஆக்குவதும் அறப்போரின் இரு பகுதிகள் என்பது காந்தியடிகளின் நிர்மாணத் திட்டத்தின் சாரம். எதிர்த்துப் பெற்ற தீர்ப்பைப் புதிய சட்டம் ஒன்று பயனற்றதாக்கிவிட்டது. ஆனால் கூலி வேலை செய்த பெண்கள் தம் பெயரில் பெற்ற பத்திரங்களை அச்சட்டத்தால் தொட முடியவில்லை. கிருஷ்ணம்மாளுக்கும் ஜெகந்நாதனுக்கும் 2008இல் அளிக்கப்பட்ட 'ரைட் லைவ்லிஹுட்' விருதினும் அப்பத்திரங்களே அவர்களது பணிக்கு உறுதியான சான்று.