உயிரோடு நிற்கும் பழங்காலம்

அருங்காட்சியகம் என்றதும் கண்ணாடிப் பேழைகளும், தொடாதே என்னும் அறிவிப்புப் பலகையும் உங்கள் நினைவுக்கு வரும். ஆனால், சாணமும் உலர்புல்லும் மணக்கும் அருங்காட்சியகம் ஒன்றை நான் கண்டேன். அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில், டீர் லாட்ஜ் என்னும் ஊரை அடுத்துள்ள கிராண்ட்-கோர்ஸ் மாட்டுப்பண்ணைதான் அது. அந்நாட்டுப் பேரவை 1972-இல் அதனை வரலாற்றுச் சின்னமாக்கியது. இன்றும் அங்கே மாடுகள் மேய்கின்றன.

இப்பண்ணையை நிறுவிய ஜானி கிராண்ட், மேற்கே குடியேறச் சென்றோரிடம் களைத்துப்போன மாடுகள் இரண்டைப் பெற்று, தேறிய மாடு ஒன்றைக் கொடுப்பார். களைத்தவை புல் மேய்ந்து தேறியதும், அவற்றையும் அவ்வாறே மாற்றுவார். மந்தை பெருகிற்று. 1866-இல் பண்ணையை விலைக்கு வாங்கிய கான்ராட் கோர்ஸ், முன்பு காட்டெருமைகளும் தொல்குடியினரும் உலவிய வேலியற்ற வெளிகளில் தம் மந்தைகளை மேயவிட்டுச் செழித்தார்.

புல் என்றும் இருக்கும் என்று அனைவரும் நம்பினர். 1886-ஆம் ஆண்டுக் கோடை வறண்டது. மிகுதியான மந்தைகளால் புல்லும் குறைந்தது. பின்னர்க் கடும்பனி பெய்தது. இடையில் சற்று உருகிய பனி மீண்டும் உறைந்து, கெட்டியான ஓடாகப் புல்லை மூடியது. புல்லின்மேல் நின்றுகொண்டே மாடுகள் பட்டினியால் மடிந்தன. அதன்பின்னரே பண்ணையாளர் பலர் வேலியிட்டு, கோடையில் புல்லறுத்து, குளிர்காலத்துக்குச் சேமிக்கத் தலைப்பட்டனர்.

அங்கே கொல்லர் ஒருவர் பழுக்கக் காய்ச்சிய இரும்பை அடித்துக் காட்டினார். சமையல் வண்டியின் அருகே கரிபடிந்த பாத்திரத்தில் காப்பி கொதித்தது. எனினும் என்னை நிறுத்தி வைத்தது ஓர் எளிய புற்போரே. அதிலிருந்து ஒரு பிடியைக் கையிலெடுத்தேன். ஒரு குளிர்காலத்தின் பேரிழப்பு கற்பித்த பாடம் அந்தப் பிடிக்குள் இருந்தது.

நான் நெடுங்காலம் வரலாறு கற்பித்தவன். ஆண்டுகளைத் தவறின்றி ஒப்புவித்த மாணவருக்கு முழு மதிப்பெண் அளித்தேன். அந்த ஆண்டில் மக்கள் எதற்கு அஞ்சினர், எதனைக் கற்றனர் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அக்குறையை அங்கேதான் உணர்ந்தேன்.

மாணவர்களே, அடுத்த முறை பாடநூலில் ஓர் ஆண்டைக் காணும்போது, நான் கேட்க மறந்த அக்கேள்வியை நீங்கள் கேளுங்கள்.