எது காடு?

சில வருஷங்களுக்கு முன்பு நீலகிரியின் மேற்குப் பகுதியில் நடந்துகொண்டிருந்தேன். எதிரே மரமற்றுக் கிடந்த புல்வெளியைக் காட்டி, 'இங்கெல்லாம் மரத்த வெட்டிட்டாங்களா?' என்று உடன்வந்த மலைக்காரரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். 'யாருங்க வெட்டுனா? சோலை பள்ளத்துல, புல்லு மேட்டுல. எப்பவும் இப்படித்தான்.' என் கேள்விக்குள் யாருடைய கண் இருந்தது என்று புரிய எனக்கு நாளாயிற்று.

மரமிருந்தால் காடு, இல்லையென்றால் தரிசு. மரத்தை வருவாயாக மட்டுமே எண்ணத் தெரிந்த காலனிய நிர்வாகத்தின் கணக்கு இது. சீகை என்று மலையில் சொல்லப்படும் வாட்டிலும், கற்பூர மரமும் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கே வந்தன, விறகுக்காக. சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடவும் ரேயான் கூழுக்கும் அவற்றை இன்னும் பெரிய அளவில் புல்வெளிகளில் நட்டார்கள். ஆட்சி மாறிற்று, கணக்கு மாறவில்லை.

அந்தப் புல்வெளி அழிந்த காட்டின் மிச்சமல்ல. நீலகிரிச் சதுப்புகளின் மக்கிய மண்ணில் உள்ள கரிம ஐசோடோப்புகளை ஆராய்ந்து ஆர். சுகுமாரும் சக ஆய்வாளர்களும் 1993இல் எழுதிய கட்டுரை, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்ததைக் காட்டியது. திறந்த மேட்டில் உறைபனி சோலைமரக் கன்றுகளைக் கருக்கிவிடும். பள்ளத்துச் சோலைக்குள்ளோ நிழலும் ஈரமும் உண்டு. விழுந்த மரம் அங்கேயே மக்கி, பாசிக்கும் பூஞ்சைக்கும் அடுத்த கன்றுக்கும் உணவாகிறது. புல்லில் வரையாடு மேய்கிறது. தோடர்கள் தம் கோயில்களுக்கு வேயும் புல் சதுப்பில் விளைகிறது. மழையைப் பிடித்துவைத்து ஓடைக்கு விடுவது இந்த மூன்றும் சேர்ந்துதான். தொல்காடு என்பது மரங்களின் தொகை அல்ல, இந்த உறவு.

இன்றைய அரசுக் கணக்கு என்ன சொல்கிறது? ஒரு ஹெக்டேர் நிலத்தில் 10 சதவீதம் மரக்கவிகை இருந்தால், மரம் எதுவானாலும், இந்திய வன அளவை நிறுவனத்துக்கு அது வனப்பரப்பு. ஆக, சீகைப் புதர் காடு. 20,000 வருஷத்துப் புல்வெளி காடல்ல! புல்லை மூடி மரம் வளர வளர, புள்ளிவிவரத்தில் காடு 'பெருகுகிறது'. ஓரிடத்தில் தொல்காட்டை அழித்து வேறிடத்தில் கன்று நடும் 'ஈடுசெய் காடு வளர்ப்பு' இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. எதுக்கு எதுங்க ஈடு?

அதற்காகச் சீகையை ஒரேயடியாக வெட்டிச் சாய்த்துவிடலாம் என்பதும் அவசரந்தான். அதன் விதைகள் மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் கிடந்து, வெட்டவெளி கிடைத்ததும் கும்பலாக முளைக்கும். வயதான சீகைத் தோப்புகளின் நிழலில் சோலைமரக் கன்றுகள் தாமாகவே எழுவதையும் பழனி மலையில் பார்த்திருக்கிறார்கள். எங்கே வெட்டுவது, எங்கே காத்திருப்பது என்பதை இடம்தான் சொல்ல வேண்டும்.

நம் இயக்கங்களும் 'மரம் நடுவோம்' என்றே பேசிப் பழகிவிட்டன. குழி தோண்டுமுன் அங்கே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று அந்த மலைக்காரரிடம் கேட்டோமா?